றீட்டா வீட்டுச் சேவல்

கோழிக்குச் சட்டை தைச்சுப் போட்டவ நான்தான். எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல சிரிக்காத ஆளு இல்ல. "தனலெட்சுமி அக்கா, கோழிக்குக் கல்யாணமா?"ன்னு ஒருத்தி கேக்குறா.

சிரிக்கட்டும். முதுகுத் தோலு கிழிஞ்சு சதை தெரியிற கோழிய அப்படியே விட்டா, ரத்தத்தப் பாத்து மத்த கோழிங்களே கொத்திக் கொன்னுரும். அதனால உப்புத் தண்ணியில கழுவி, அப்புத்தளை மாட்டு டாக்டர் குடுத்த ஊதா மருந்தப் பூசி, மகளோட பழைய ஸ்கூல் சட்டையில ஒரு துண்டு வெட்டி, ரெக்கைக்கு ரெண்டு ஓட்டை வச்சு மாட்டிவிட்டேன்.

எல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவுல இருக்கிற றீட்டாவோட சேவல் பண்ண வேலை. பெப்ரவரியில மொனராகலைக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தா. நாலு கிலோ இருக்கும். காலுல விரல் நீளத்துக்கு முள்ளு.

லயத்துல இருந்ததே நாலு பெட்டைக்கோழி, நாலும் என்னோடது. பத்துக் கோழிக்கு ஒரு சேவல்னா தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. நாலே நாலுன்னா என்ன ஆகும்? மிதிச்சு மிதிச்சு ஒண்ணு செத்தே போச்சு. ரெண்டு, முட்டைய நிறுத்திருச்சு. இன்னும் முட்டை போடுறது இந்தச் சட்டைக்காரி ஒருத்திதான்.

ஆசைக்கா கோழி வளக்கிறேன்? என் மக ஜெயந்தினி ஜனவரியில டெங்கு வந்து பதுளை ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்து வந்தவ. இன்னும் நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. தினமும் ஒரு முட்டை குடுங்கன்னு கிளினிக்ல சொல்லி அனுப்பினாங்க. கடையில வாங்கிக் குடுக்க எனக்கு எங்க முடியுது.

றீட்டாகிட்ட மரியாதையாத்தான் கேட்டேன்.

"ஒண்ணு அத அறுத்துக் கொழம்பு வை. இல்ல, முள்ளோட நுனியையாவது அரத்தால ராவி மழுங்க விடு. சேவலுக்கு வலிக்காதாம், டாக்டரே சொல்றாரு."

"முடியாதுக்கா. அந்தோனியாருக்கு நேர்ந்த சேவல். ஜூன் பதிமூணு திருவிழாவுல குடுக்கணும். அதுல கை வைக்கக்கூடாது."

"அப்பக் கூடையப் போட்டுக் கவுத்து வை."

"எளைச்சுப் போகுதுக்கா. கொழுந்து பறிக்கப் போறப்ப கட்டித்தான் போடுறேன். கயித்த அறுத்துருது."

"எதுக்கு நேர்ந்த?"

"செலுத்துறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதுக்கா."

சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? அவ புருஷன் அந்தோனிமுத்து ரெண்டு வருஷமா கட்டாருக்குப் போறேன் போறேன்னு ஏஜென்சிக்கு நடையா நடக்கிறான்.

"ஒம் புருஷன் பிளேன் ஏறுறதுக்கு என் கோழி சாகணுமா? என் வயித்தெரிச்சல வாங்கிக்கிட்டு அவன் எங்க போய்ச் சேருவான்?"

சாயங்காலம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொழைச்சு ஒரு சிரட்டையில கொண்டாந்து நீட்டினா. வாங்கல. மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினேன்.

மறுநாள் பாத்தா, சேவலோட முள்ளு மேல துணியச் சுத்திக் கட்டியிருக்கா. அது பகலுக்குள்ள கொத்தி அவுத்துப் போட்டுருச்சு. நான் மலையில கொழுந்து பறிச்சுட்டு வந்து பாக்குறேன், சட்டைக்காரியோட சட்டை கிழிஞ்சு, புண்ணு மறுபடி தொறந்து கெடக்குது. கூட்டுல முட்டையும் இல்ல.

அவ்வளவுதான். கோழியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேரா அந்தோனியார் கோயிலுக்கு நடந்தேன். நான் மாரியம்மனக் கும்பிடுறவ. இருந்தா என்ன, நியாயம் கேக்கிறதுக்கு எந்தக் கோயில்னு பாக்கணுமா?

ஃபாதர் மாசத்துக்கு ரெண்டு தடவதான் வருவாரு. மத்த நாள்ல கோயிலப் பாத்துக்கிற உபதேசியார், கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தாரு.

"பாருங்கய்யா"ன்னு கோழி முதுகக் காட்டினேன். "இப்பிடிக் கிழிக்கிற சேவல ஒங்க சாமி வாங்கிக்குமா?"

உச்சுக் கொட்டினாரு. "யாரு நேர்ந்தது?"

"றீட்டா. அவ குடும்பம் நல்லாருக்க அவ என்னமும் நேர்ந்துக்கட்டும். அதுக்கு என் புள்ள சாப்பிடுற முட்டை ஏன் போகணும்? முள்ள ராவச் சொல்லுங்க. இல்ல, அந்த நேர்ச்சையே செல்லாதுன்னு சொல்லுங்க."

"அப்பிடியெல்லாம் நான் சொல்ல ஏலாதும்மா. என்னன்னு வாக்குக் குடுத்திருக்கான்னு பாக்கணும்."

பிரஷ்ஷ வச்சுட்டு உள்ள போய் ஒரு கொப்பிய எடுத்துட்டு வந்தாரு. திருவிழா நேர்ச்சைய அவங்கவங்களே அதுல எழுதி வைக்கிறதாம். ஒவ்வொரு பக்கமாத் திருப்பினவரு ஒரு எடத்துல நின்னுட்டாரு.

"ஒங்க பேரு என்னம்மா?"

"தனலெட்சுமி. என் பேரு எதுக்குங்க இப்ப? அவ கட்டார் கதையப் படிங்க, கேப்போம்."

அவரு படிக்கல. கொப்பிய என் பக்கமாத் திருப்பிப் பிடிச்சாரு. றீட்டாவோட கோணக் கையெழுத்து எனக்குத் தெரியும். தேதி ஜனவரி பதினேழு.

'அடுத்த காம்பரா தனலெட்சுமி அக்கா மகள் ஜெயந்தினி ஒரு குறையும் இல்லாமல் உயிரோடு வீட்டுக்கு வந்தால், ஒரு குறையும் இல்லாத சேவல் ஒன்று.'