காசாம்புவின் பத்து விரல்

பழைய வேளாண் இயந்திர அருங்காட்சியகத்தில், கதிரடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், காசாம்பு, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும் ஒளியுருவமாக நின்று நெற்கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். செத்து நான்கு வருடமான தாயைப் பார்க்க இளவேனில் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் வலது கைதான். அதில் ஐந்து விரலும் இருந்தன.

"இந்த மெஷின்தான் எங்கம்மாவோட மூணு விரலத் தின்னுச்சு. அது எப்படி சார் திரும்ப மொளச்சுது?"

"பிள்ளைங்க பாத்து பயப்படுதுங்க மேடம். அதான் சரி பண்ணிட்டோம்" என்றார் காப்பாளர்.

"சரி பண்ண நீங்க யாரு? வெட்டுங்க. இருந்த மாதிரியே வைங்க."

அவர் புகார்ப் படிவம் எடுக்க உள்ளே போனார்.

விரல் போனபின் அம்மாவால் சடை பின்ன முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடைக்காரிகளுக்கு நடுவே இவள் ஒருத்திக்குத்தான் கிராப்பு.

"எம்மா, ரெட்டைச் சடை பின்னி வுடுறியா?"

உருவம் நெற்கட்டைக் கீழே போட்டது. "வாடி, உக்காரு."

இளவேனில் முடியை அவிழ்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பத்து விரலும் மும்முரமாக ஓடின. ஒரு மயிர்கூட அசையவில்லை.

காப்பாளர் படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க மேடம்."

"இருங்க சார். இன்னொரு சடை பாக்கி இருக்கு."