மாமாவின் குறட்டையும் அத்தையின் குத்தும்

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளறையில் மாமனார் மதியத் தூக்கம் தூங்குகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. போன மாதம்வரை இந்த நேரத்தில் அவர் விடுகிற குறட்டைக்கு ஜன்னல் கதவு ஆடும்.

குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தை செய்ததுதான் அநியாயம். மாமா உறுமும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார்கள். சத்தம் அடங்கி, அப்பாடா என்று நாங்கள் நினைக்கும்போது விலாவில் ஓங்கி ஒரு குத்து. மாமா பதறி எழுந்து, முறைத்துவிட்டு மறுபடி படுப்பார்.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி அக்காவே, “மனுசன் செத்த நேரம் நிம்மதியா தூங்குனா ஒங்க அத்தைக்குப் பொறுக்காது போல” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தையிடம் கேட்க எனக்கு ஏது தைரியம்?

மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுகிறவர். ராத்திரித் தூக்கம் கெட்டுப் பகலில் நின்றபடியே அசந்துவிடுவார். ஒருநாள் தக்காளிக்கு “ஒரு தரம், ரெண்டு தரம்” என்றவர், மூன்றாம் தரம் சொல்லாமல் தூங்கிவிட்டார். எடுத்தவர் எனக்குத்தான் என்கிறார், மற்றவர் இன்னும் ஏற்றிக் கேட்பேன் என்கிறார். கேரளா லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது.

இன்னொரு தடவை தூங்கினால் வேறு ஆள் பார்ப்பேன் என்று கமிஷன் கடை முதலாளி சொல்லிவிட்டார். பழி முழுக்க அத்தை மேல் விழுந்தது.

மதுரைக்குப் போனோம். மாமாவைத் தூங்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் மாட்டிப் பார்த்த டாக்டர், தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது என்றார். ஆபரேஷன் செய்து அந்தச் சதையை வெட்டலாம், குரல் மாறினாலும் மாறும். இல்லாவிட்டால் பல் டாக்டரிடம் ஒரு கிளிப் செய்து, படுக்கும்போது மாட்டிக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கலாம்.

வெட்டி எறிந்தால் ஒரே வேலையாக முடியும் என்றார் என் வீட்டுக்காரர்.

“கொரல் போச்சுன்னா ஏலத்த நீயாடா கூறுவ?” என்றார் மாமா. கிளிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. மாட்டுக்குப் பூட்டுகிற மாதிரி வாயைப் பூட்டுவதா என்றார்.

அத்தை மெதுவாக, “ரெண்டுல எதச் செஞ்சாலும் சத்தம் நின்னுருமா?” என்று கேட்டார்கள்.

“நின்னா ஒனக்குக் குத்துற வேலை மிச்சம்மா” என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தை டாக்டரைப் பார்த்தே சொன்னார்கள். “சத்தம் வந்தா உசுரு இருக்குன்னு அர்த்தமுங்க. அது நிக்கிறப்ப மூச்சும் நின்னுபோகுது. அதான் குத்தி எழுப்புறேன். சத்தமே இல்லைன்னா நான் எதக் கேட்டு எழுப்புவேன்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை வருசமா இப்பிடிம்மா?”

“இந்தா, இவன் பொறந்ததுலேருந்துங்க.”

மாமாவே கிளிப்புக்குச் சரி என்றார். முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆபரேஷனை யோசிப்போம் என்று முடிவானது.

இப்போது மாமா மார்க்கெட்டில் மூன்று தரமும் முழுசாகச் சொல்கிறார். வீட்டில் சத்தமில்லாமல் தூங்குகிறார். கிளிப் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியும், அத்தைதான் நம்புவதாக இல்லை. மாமா மூக்குக்குக் கீழே விரலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

“மரியசெல்வி, செத்த வாம்மா. கை மரத்துப்போச்சு, நீ கொஞ்ச நேரம் வையி.”

மாமனார் மூக்குகிட்டப் போய் விரலை நீட்ட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெங்காயக் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறேன்.