கொய்யாப்பழத்தின் மேல் ஒரு வெளிச்சம்

இது என் கதை இல்லை. பேருந்தில் முன் இருக்கையில் இருந்த ஒருவர் தன் மகளுக்குச் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன்.

அணில்குட்டிக்கு முதல் பிறந்தநாள். அம்மா அணில் மரத்தில் இருப்பதை வைத்தே ஏற்பாடு செய்தது. கனிந்த கொய்யாதான் கேக்.

காக்கை எட்டிப் பார்த்தது. "மெழுகுவத்தி எங்கேடி? ஊதி அணைக்காம என்ன பிறந்தநாள்?"

காலையிலிருந்து ஊதிப் பழகிக்கொண்டிருந்த குட்டியின் முகம் வாடிவிட்டது.

அம்மா அணில் மின்மினியிடம் ஓடியது. "அண்ணே, கொஞ்ச நேரம் எங்க கேக் மேல உட்காருவீங்களா? ஊதினா அணைவீங்களா?"

"பார்க்கலாம் தங்கச்சி. இதுவரைக்கும் என்னை யாரும் ஊதினதில்லை."

அந்தி மங்கியது. கொய்யாவின் உச்சியில் மின்மினி ஒளிர்ந்தது. குட்டி கன்னம் உப்ப ஊதியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் அணைந்தது.

"இன்னொரு தடவை, மாமா!"

மின்மினி மறுபடி ஒளிர்ந்தது, மறுபடி அணைந்தது. குட்டி ஊதி ஊதிக் களைத்து அம்மாவின் வாலுக்குள் தூங்கிப்போனது. காக்கை மெல்ல நெருங்கி, "எனக்கும் ஒரு தடவை" என்றது.

மனசு கேட்காமல், ஊருக்குப் போனபோது வேலியில் இருந்த மின்மினி ஒன்றை நானும் ஊதிப் பார்த்தேன். எவ்வளவு ஊதியும் அது அணையவில்லை.