கடுகளவு மச்சம்

மல்லிகைச் செடி வைக்கத் தோண்டிய இடத்தில் ஒரு துணிப்பொம்மை அகப்பட்டது. உடம்பெல்லாம் குண்டூசி. "செய்வினைடி! தொட்றாத, பூசாரியக் கூட்டியாறேன்" என்று பூரணத்தின் புருஷன் அலறிக்கொண்டு ஓடினான். அவள் மண்ணைத் தட்டிவிட்டுப் பொம்மையைத் திருப்பினாள். அவளேதான். இடது காதுக்குக் கீழே கடுகளவு மச்சம், சிரித்தால் மட்டும் தெரிகிற தெற்றுப்பல், பின்னல்கூட அவள் பின்னுகிற மாதிரியே தளர விட்டிருந்தது. தாலி கட்டியவனுக்கு இன்றுவரை அந்த மச்சம் தெரியாது. "யாரு தாயி நீ, இம்புட்டு உத்துப் பாத்திருக்கியே என்ன!" என்று பூரித்துப்போய் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். செய்தவள் மூக்குத்தியை மட்டும் மறந்திருந்தாள். கடைசிக் குண்டூசியை அந்த இடத்தில் பதமாகக் குத்தினாள் பூரணம். குத்தும்போது தன் மூக்கை ஒருமுறை சுருக்கிக்கொண்டாள்.