அப்பாவின் சம்பள ஸ்லிப்

"ஸ்லிப்பை வாங்காம இந்த கேட்டை விட்டு நகர மாட்டேன்!"

கிள்ளானிலிருந்து இரண்டு ரயில் ஏறி காஜாங்குக்கு வந்திருந்தாள் அமுதவள்ளி. கேட்டுக்கு உள்ளே தங்கமணி. அம்மாவை விட்டுவிட்டு அப்பா கட்டிக்கொண்டவள்.

"வெட்கமா இல்ல? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்கம்மா அனுப்பிட்டாளா?" தெருவுக்கே கேட்டது தங்கமணியின் குரல்.

"அம்மாவுக்கு நான் வந்ததே தெரியாது, ஆன்டி. காலேஜ் உதவிநிதிக்கு அப்பாவோட மூணு மாச ஸ்லிப் கேக்குறாங்க. ஒரு வாரமா மெசேஜ் போடுறேன், பதிலே இல்ல. நாளைக்கு சாயங்காலம் மூடிருவாங்க."

"அப்பா விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுது லா."

"எழுதினேன். உயிரோட இருந்தா ஸ்லிப் வேணுமாம்."

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அப்பா கத்தினார். "கொடுக்காதே தங்கமணி! ஸ்லிப் கையில கிடைச்சா இவ அம்மா லெட்சுமி நேரா கோர்ட்டுக்குத்தான் போவா. ஜீவனாம்சத்தை ஏத்திக் கேப்பா!"

"கோர்ட்டுக்கு இல்லப்பா! நர்சிங் படிக்கணும்பா!"

தங்கமணி உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அமுதவள்ளி நகரவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டபடி வேடிக்கை பார்த்தாள்.

கதவு திறந்தது. கறுப்புக் குப்பைப் பையோடு வந்த தங்கமணி, அதை கேட்டுக்கு மேலாக வீசினாள். பை அமுதவள்ளியின் நெஞ்சில் வந்து விழுந்தது.

"சும்மாதானே நிக்கிறே! போற வழியில தொட்டியில போட்டுட்டுப் போ. இன்னொரு தடவை வந்தே, போலீஸைக் கூப்பிடுவேன்!"

உள்ளே அப்பா சிரிப்பது கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள் அமுதவள்ளி. அழவில்லை. நாளைக் காலையில் அப்பாவின் தொழிற்சாலை வாசலில் நின்று, எல்லார் முன்னாலும் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

தெருமுனைத் தொட்டியில் பையை எறியக் கையை ஓங்கியபோதுதான் உறைத்தது. நாற்றமில்லை. கனமும் இல்லை.

முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு உறைகள்.

முதல் உறையில் மூன்று மாத ஸ்லிப்பின் நகல்கள். மேலே, 'காலேஜுக்கு' என்று எழுதியிருந்தது.

இரண்டாவதிலும் அதே மூன்று ஸ்லிப். மேலே, 'லெட்சுமி அக்காவுக்கு. இது கோர்ட்டுக்கு.'