கணக்கு மேடம் கை வைத்த இடம்

"எல்லாப் பிரிவுலயும் ஆளைக் குறைப்பாங்க. நம்ம பூங்காப் பிரிவை மட்டும் தொட மாட்டாங்க, பாருங்க" என்றாள் ரேடியோ.

ரேடியோ என்பது மாநகராட்சிப் பூங்காப் பிரிவு டைப்பிஸ்ட்டுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவள் வாயில் ஒலிபரப்பாகாமல் எந்தச் செய்தியும் அந்தக் கட்டடத்தைத் தாண்டியதில்லை.

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றே?" என்றார் எதிர் மேஜை கிளார்க்.

"பட்டியல் போடறது யாரு? கணக்கு மேடம். நம்ம சூப்பிரண்டு சார் யாரு? கணக்கு மேடத்தோட வீட்டுக்காரர். சொந்தப் புருஷன் பிரிவுல யாராவது கை வைப்பாங்களா?"

ஸ்டோர் கீப்பர் தலையாட்டினார். "வீட்டுல சமையல்கூட சார்தானாம். கை வெச்சா மேடம் பட்டினிதான்."

ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் அது. வரி வசூல் படுத்துவிட்டது. சம்பளச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிரிவுக்கு ஓர் ஆளைக் குறைத்தால்தான் புது பட்ஜெட் என்று கமிஷனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யார் யார் என்று முடிவு செய்யும் வேலை, தலைமைக் கணக்கு அதிகாரியான மேடத்தின் தலையில் விழுந்தது.

மேடம் நடைபாதையில் வந்தாலே பேச்சு நின்றது. அவர் அந்தப் பக்கம் போனதும், "ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரருக்கு ஒரு சட்டமா?" என்று குடிநீர்ப் பிரிவில் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பையும் மற்ற மாடிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ரேடியோதான்.

வியாழக்கிழமை மதியம் பட்டியலை ஒட்டினார்கள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிய ரேடியோ, திரும்பி வரும்போது நடந்து வந்தாள்.

"சார்... நம்ம பிரிவுல உங்க பேரைப் போட்டிருக்காங்க."

பூந்தொட்டி வாங்கும் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு நிமிர்ந்தார். "ஆமாம்மா. மாசக் கடைசியோட ஓய்வு."

"இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கே சார்? மேடம் வீட்டுல ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"

"ஆபீஸ் விஷயத்தை நாங்க வீட்டுல பேசறதில்லை" என்று சிரித்தவர், மறுபடி கோப்பில் குனிந்துகொண்டார்.

அந்தச் சிரிப்பு ரேடியோவுக்குத் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒலிபரப்பு தலைகீழாக மாறியது.

"கமிஷனர்கிட்ட நல்ல பேர் வாங்க, தாலி கட்டினவரையே பலி கொடுத்துட்டாங்க. அது நெஞ்சா, கல்லா?"

"நேத்து வரைக்கும் புருஷனைக் காப்பாத்துவாங்கன்னுதானே குறை சொன்னே?" என்றார் கிளார்க்.

"அது நேத்து."

குடிநீர்ப் பிரிவும் கட்சி மாறியது. மேடம் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வர நேரமானது. கேண்டீனில் அவர் உட்கார்ந்த மேஜையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

மாசக் கடைசியில் பிரிவுபசார டீ. சார் எல்லாரையும் பேர் சொல்லி வாழ்த்தினார். மேடம் கடைசி வரிசையில் வந்து நின்றார். பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் மெதுவாக நகர்ந்துகொண்டார்கள்.

ரேடியோவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுடைய கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமதமாக வந்தாலும் முகம் சுளிக்காத மனுஷர் சார். டீ முடிந்ததும் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இவ்வளவு பெரிய மாநகராட்சியில உங்களுக்கு அவர் ஒருத்தர்தான் கிடைச்சாரா?"

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல்ல கையெழுத்துப் போட்டது நான்தான்."

"அவர் முகத்தை எப்படி மேடம் பார்ப்பீங்க?"

"வேற ஏதாவது கேட்கணுமா?"

"உங்ககிட்ட கேட்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்திக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சார் வழக்கம்போல அடுக்களைக்குள் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். மேடம் உடைகூட மாற்றாமல் அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு உன் ரூமுக்கு வந்து சத்தம் போட்டுச்சாமே?"

"ம். கதவு தப்பிச்சதே பெரிசு."

"எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆபீஸே உன்னைத் திட்டுது. நாளைக்கு ஒரு நடை போய், இந்த ஓய்வை நானாத்தான் உன்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"போகக் கூடாது."

"ஏன்?"

"ஏன் கேட்டேன்னு அடுத்த கேள்வி வரும். கடைசியா வேலைக்குச் சேர்ந்தவங்கதான் முதல்ல வெளியே போகணும், அதான் விதின்னு யாராவது எடுத்துக் கொடுப்பாங்க. உங்க பிரிவுல கடைசியா சேர்ந்தது யாருன்னு அவளுக்கே தெரியுமே."

சார் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அது ரோஷக்காரிங்க. தன் இடத்துல நீங்க வெளியே போனீங்கன்னு தெரிஞ்சா, மறுநாளே ராஜினாமா எழுதி என் மேஜையில வெச்சுட்டுப் போயிடும்" என்றார் மேடம். "என்னைத் திட்டிக்கிட்டே வேலை பார்க்கட்டும், விடுங்க."