ஐந்நூறு தொடர்புகள்

அந்த மருத்துவமனையில், தொழில்வலைத் தளத்தில் ஐந்நூறு தொடர்புகளுக்குக் கீழே போன ஊழியருக்குப் பிரசவ அறைக் கதவு திறக்காது. செவிலியர் ஜெபக்கனிக்கு அன்று நானூற்றுத் தொண்ணூற்றாறு. கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் இருபது நாளாக அவர் எந்தப் பதிவும் போடவில்லை. அதற்குள் பலர் விலகிவிட்டார்கள்.

உள்ளே குழந்தையின் தலை வெளியே வந்து, தோள் சிக்கிக்கொண்டது. பன்னிரண்டாயிரம் தொடர்புகள் கொண்ட இளம் மருத்துவர் நிதர்சன் தலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஜெபக்கனி கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

“தொறங்க டாக்டர்!”

“உங்கள உள்ள விட்டா என் கணக்க முடக்கிருவாங்க சிஸ்டர். நாலு பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்புங்க!”

“பிள்ள நீலம் பாயுது. நான் ஆள் சேக்கவா போவேன்?”

தீயணைப்பு உருளையால் கதவை உடைத்து நுழைந்தார். தாயின் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, அடிவயிற்றை அழுத்தினார். குழந்தை வழுக்கி வந்து வீறிட்டது.

மறுநாள், கதவை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. நிதர்சனோ குழந்தையோடு தன் படத்தைத் தளத்தில் போட்டிருந்தார்.

“அதுல ஒரு வாழ்த்துப் போடுங்க சிஸ்டர். உங்க தொடர்பும் ஏறிரும்” என்றார் மேலாளர்.

ஜெபக்கனி அதன் கீழே எழுதினார்: ‘அந்தத் தோளை எடுத்தது யார் கை, டாக்டர்?’

மாலைக்குள் முந்நூறு பேர் விலகினார்கள். அவர் அந்த வரியை அழிக்கவில்லை.